பிரேக்கில் நிற்கும் கால்

அன்புள்ள சார்,

வணக்கம். உடம்பைப் பற்றியும் நோயைப் பற்றியும் நீங்கள் எழுதுவதை விடாமல் வாசிப்பவன். இது அப்பாவைப் பற்றிய கடிதம்.

எங்கள் ஊர் சங்ககிரிப் பக்கம். அப்பா 32 வருஷம் லாரி ஓட்டியவர். 15 வருஷமாகச் சர்க்கரை. போன ஆவணியில் வலது உள்ளங்காலில் ஆணி குத்தியிருக்கிறது, அவருக்கே தெரியவில்லை. செருப்பில் ரத்தம் ஒட்டியிருந்ததைப் பார்த்து அம்மாதான் கண்டுபிடித்தார். புண் ஆறாமல் கறுத்துப்போய், ஐப்பசியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

இப்போது ராத்திரியானால், "கால் பிரேக்குல ஏறி நிக்குது, எடுக்க முடியல, கட்டைவிரல் நசுங்குது" என்று கத்துகிறார். கால் இல்லாத இடத்தில் போர்வையைக் கையால் தடவித் தேடுகிறார். பெரியப்பா, "எடுத்த காலை எப்படி மடக்கிப் போட்டானுங்களோ, அதான் வலிக்குது" என்கிறார். ஆஸ்பத்திரியில் கேட்டதற்கு, "எல்லாம் மனசுதான், போகப்போகச் சரியாகிவிடும்" என்றார் ஒருவர். அப்பா அதைக் கேட்டதிலிருந்து வாயே திறப்பதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிறார்.

எனக்குப் புரியாதது இதுதான். கால் இருந்தபோது ஆணி குத்தியே வலிக்கவில்லை. இல்லாதபோது எப்படி வலிக்கும்? அவருக்குப் புத்தி பிசகுகிறதா? பெயர் போட வேண்டாம் சார்.

*

அன்புள்ள தம்பிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்குப் புத்தி பிசகவில்லை. கையோ காலோ எடுக்கப்பட்டவர்களில் பெரும்பாலானவர்களுக்கு அந்த உறுப்பு இன்னும் இருப்பதாகவே தெரியும். அவர்களில் மிகப் பலருக்கு அதில் வலியும் இருக்கும். இதை இன்று ராத்திரியே அவரிடம் சொல்லிவிடுங்கள். மீதியை நாளைக்கு வாசித்தாலும் போதும்.

நான் இவ்வளவு அவசரப்படுவதற்குக் காரணம் என் சித்தப்பா. கடலை உடைக்கிற மெஷினின் பெல்ட்டில் மாட்டி, இடது கையை முழங்கைக்கு மேலே எடுத்தார்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது. திண்ணைத் தூணில் மிச்சமிருந்த கையைத் தேய்த்துக்கொண்டே, "சுண்டுவிரல் அரிக்குதுடா" என்பார். "புதைச்ச இடத்துல எறும்பு மொய்க்குது" என்றாள் அப்பத்தா. ஒரு சாயங்காலம் என்னையும் கூட்டிக்கொண்டு கிணற்று மேட்டுக்குப் போனாள். அடையாளத்துக்கு வைத்திருந்த கல்லைப் புரட்டி, ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீரைச் சுற்றிலும் ஊற்றினாள். அன்றைக்குச் சித்தப்பா நன்றாகத் தூங்கினார். நாலாம் நாள் மறுபடி தூணடியில் நின்றார். அதற்குப் பிறகு அவர் சொல்வதை விட்டுவிட்டார். நாங்களும் சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டோம். 20 வருஷம் கழித்து, படுத்த படுக்கையாகக் கிடந்த காலத்தில் என் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்: "இத்தனை வருஷமும் அந்தக் கை மூடியேதான் இருந்துச்சு மைனி. ஒரு நாள்கூட விரிக்க முடியல."

உங்கள் அப்பா வாயை மூடிக்கொண்டார் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது.

அப்பத்தாவை நான் குறை சொல்ல மாட்டேன், உங்கள் பெரியப்பாவையும் அப்படியே. வலி உண்மை, அதற்கு எங்கோ ஒரு காரணம் இருக்கிறது என்று அவர்கள் நம்புகிறார்கள். "எல்லாம் மனசுதான்" என்று அனுப்பிவிட்டவரைவிட அவர்கள் விஷயத்துக்குக் கிட்டத்தில் நிற்கிறார்கள். அவர்கள் தவறவிட்டது இடத்தை மட்டும்தான். அப்பத்தா கிணற்று மேட்டில் தேடிய கை சித்தப்பாவின் மண்டைக்குள் இருந்தது.

1930களில் கனடாவின் மாண்ட்ரியால் நகரில் வைல்டர் பென்ஃபீல்ட் என்ற அறுவை மருத்துவர், வலிப்பு நோயாளிகளுக்கு அவர்கள் விழித்திருக்கும்போதே மூளையில் அறுவை செய்தார். தலைத்தோல் மட்டும் மரத்துப்போக ஊசி. மூளையைத் தொட்டால் வலிக்காது, வலியை உணரும் நரம்பு முனைகள் மூளைக்குள் கிடையாது. எந்தப் பகுதியை வெட்டலாம், எதை வெட்டக்கூடாது என்று தெரிந்துகொள்ள, மெல்லிய மின்சாரத்தால் அங்கங்கே தொட்டுப் பார்த்தார். ஓரிடத்தில் தொட்டால் நோயாளி உதடு கூசுகிறது என்பார், இன்னோரிடத்தில் தொட்டால் கட்டைவிரல். அந்த விரலை யாரும் தொட்டிருக்கவே மாட்டார்கள். இப்படி நூற்றுக்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டுக் கேட்டு, மூளையின் மேற்பரப்பில் உடம்பு முழுக்க வரிசையாக விரிந்து கிடப்பதைப் படமாகவே வரைந்துவிட்டார். அதில் கைக்கும் உதட்டுக்கும் பெரிய இடம், முதுகுக்குக் கொஞ்சம். காலின் இடம் உச்சந்தலைக்குக் கீழே, மூளையின் இரண்டு பாதிகளும் முகம் பார்த்து நிற்கும் இடுக்கில். வலது காலுக்கு இடது பாதி.

காலை எடுத்த மருத்துவர்கள் அந்த இடத்தைத் தொடவில்லை. அது அப்படியேதான் இருக்கிறது.

இனி ஆணிக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திவைத்த கேள்வி அது. பாதத்தின் தொடுதலையும் வலியையும் கொண்டுபோகும் ஒவ்வொரு நரம்பிழையும் ஒரே ஒரு செல். அதன் உடல் கீழ்முதுகில் தண்டுவடத்தின் ஓரத்தில் இருக்கிறது. அங்கிருந்து பாதம் வரை நீளும் அதன் இழை கிட்டத்தட்ட 1 மீட்டர். கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய அந்த இழைக்கு வேண்டிய சத்தெல்லாம் முதுகிலிருந்தே போயாக வேண்டும். ரத்தத்தில் சர்க்கரை வருஷக்கணக்காக ஏறிக்கிடந்தால் இழைகள் நலியும். முதலில் அடிவாங்குவது ஆக நீளமான இழைகளின் நுனி, அதாவது பாதம். சர்க்கரைக்காரர்களுக்குக் காலுறை போட்ட மாதிரி இரண்டு பாதமும் மரத்துப்போவது இதனால்தான். ஆணி குத்திய சேதி உள்ளங்காலிலிருந்து கிளம்பவே இல்லை.

காலை எடுத்தபோது அந்த இழைகள் கெண்டைக்காலில் அறுந்தன. முதுகோரத்தில் செல்லின் உடல் உயிரோடுதான் இருக்கிறது. அறுபட்ட முனை மறுபடி வளரப் பார்க்கும். போய்ச்சேர இடம் இல்லாததால் அங்கேயே சுருண்டு முடிச்சாகும். அந்த முடிச்சு யாரும் தொடாமலே சேதி அனுப்பத் தொடங்கும். தண்டுவடமும் அதைப் பெருக்கி மேலே தள்ளும். கடிதம் எந்த ஊர் முத்திரையோடு வருகிறதோ அந்த ஊரிலிருந்து வந்ததாகத்தானே எடுத்துக்கொள்வோம்? 50, 60 வருஷமாக அந்த இழை கொண்டுவந்தது கட்டைவிரல் சேதி மட்டும்தான். மூளையும் கட்டைவிரல் வலிக்கிறது என்றே எடுத்துக்கொள்கிறது. பாதம் மரத்திருந்தபோது வாயடைத்துக் கிடந்த பாதை, அறுபட்ட பிறகு பேசுகிறது.

"மனசுதான்" என்றவருக்கும் இதில் பதில் இருக்கிறது. வலி எல்லாமே மூளையில்தான் வலியாகிறது, காலோடு இருப்பவருக்கும் அப்படித்தான். என் பல்வலியும் உங்கள் தலைவலியும் எங்கே நடக்கின்றனவோ அங்கேதான் அப்பாவின் கட்டைவிரல் வலியும் நடக்கிறது. மூளையில் நடக்கிறது என்பது வேறு, கற்பனை என்பது வேறு. இரண்டையும் ஒன்றாக்கி ஒரு மனிதரை வாயடைக்க வைப்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

இதற்கு ஆங்கிலத்தில் இருக்கும் பெயரும் எனக்குப் பிடிப்பதில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் கை கால் இழந்த சிப்பாய்களைப் பார்த்துவந்த சைலஸ் வெயர் மிட்செல் என்ற மருத்துவர், 1871இல் 'ஃபேன்டம் லிம்ப்' என்று எழுதினார். பேய் உறுப்பு. மருத்துவ உலகம் அதையே பிடித்துக்கொண்டது. ஏற்கெனவே மந்திரிக்கக் கூட்டிப்போகலாமா என்று யோசிக்கிற வீட்டில் இந்தப் பெயர் என்ன செய்யும் என்று பாருங்கள். தமிழில் 'மாய உறுப்பு' என்கிறார்கள், அது பரவாயில்லை.

சரி, ஏன் பிரேக்கில் நிற்கிறது? நாம் காலைத் தூக்க நினைத்ததும் மூளை இரண்டு காரியம் செய்கிறது. தசைக்கு உத்தரவு போகிறது. கால் நகர்ந்ததா என்று கண்ணும் மூட்டும் தோலும் திருப்பிச் சொல்லும் பதிலுக்கும் மூளை காத்திருக்கிறது. அப்பாவின் மூளை இப்போதும் உத்தரவு போடுகிறது, பதில் சொல்லத்தான் அங்கே யாரும் இல்லை. இல்லாத உறுப்பு ஒரே நிலையில் இறுகிக்கிடப்பதாகப் பலர் சொல்வார்கள். சித்தப்பாவின் கை மூடிக்கொண்டதைப் போல. 32 வருஷம் வலது பாதம் அதிகம் பழகிய இடம் பிரேக்கும் ஆக்ஸிலேட்டரும். அது அங்கே போய் நிற்பதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. இது என் ஊகம்தான்.

இந்த இறுக்கத்தைத் தளர்த்த ஒரு வழி கண்டவர் நம்மூர்க்காரர். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, கலிஃபோர்னியாவின் சான் டியேகோவுக்குப் போன வி.எஸ். ராமச்சந்திரன். பதில்தானே வரவில்லை, அதைக் கண் வழியாகக் கொடுத்துப் பார்ப்போம் என்று 1990களில் யோசித்தார். கருவி ஒரு சாதாரண நிலைக்கண்ணாடி. இருக்கிற கையைக் கண்ணாடிக்கு முன்னால் வைத்து, இல்லாத கை இருக்க வேண்டிய இடத்தில் அதன் பிம்பம் தெரியும்படி வைத்தார். இருக்கிற கையை விரித்தால் இல்லாத கை விரிவதாகக் கண்ணுக்குத் தெரியும். வருஷக்கணக்காக அசையாதிருந்த கை அசைகிறது என்று சிலர் கத்தியே விட்டார்கள்.

பிறகு வாஷிங்டனில் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில், கால் இழந்த 22 பேரிடம் இதைச் சோதித்து 2007இல் வெளியிட்டார்கள். ஒரு குழுவுக்குக் கண்ணாடி, ஒரு குழுவுக்குத் துணியால் மூடிய கண்ணாடி, ஒரு குழு கண்ணை மூடி மனதில் நினைத்துப் பார்க்க வேண்டும். தினம் 15 நிமிடம். நாலு வாரத்தில் கண்ணாடிக் குழுவில் எல்லோருக்கும் வலி குறைந்தது. சின்ன ஆய்வு. பிறகு வந்த ஆய்வுகளில் பலன் கலந்தே இருக்கிறது. சிலருக்கு நன்றாகக் கேட்கிறது, சிலருக்குக் கேட்பதில்லை. அப்பாவுக்குக் கட்டாயம் கேட்கும் என்று நான் எழுதினால் அது பொய்.

ஏன் கேட்கிறது என்பதிலும் சண்டை ஓயவில்லை. கை போனதும் மூளையில் அதன் இடத்தைப் பக்கத்தில் இருக்கும் முகம் ஆக்கிரமித்துக்கொள்கிறது, வலி அந்தக் குழப்பத்தில் வருவது என்று 30 வருஷமாகப் பாடம் சொன்னார்கள். கன்னத்தைப் பஞ்சால் தொட்டால் இல்லாத விரலில் தொடுவதாக ஒருவருக்குத் தெரிந்ததை ராமச்சந்திரனே காட்டியிருந்தார். நானும் அதைத்தான் நம்பினேன். 2025இல் வந்த ஓர் ஆய்வு என்னை மாற்றியது. கையை எடுப்பதற்கு முன்பும், எடுத்துப் பல மாதங்கள், வருஷங்கள் கழித்தும் மூன்று பேரின் மூளையைப் படம்பிடித்தார்கள். கையின் இடம் கையின் இடமாகவே இருந்தது. சித்தப்பா மைனியிடம் சொன்னதும் அதுதான்.

அப்பாவுக்குச் செய்ய வேண்டியது. முதலில் மிச்சக் காலில் புண்ணோ சீழோ இருக்கிறதா, தொட்டால் சுண்டி இழுக்கும் முடிச்சு இருக்கிறதா என்று மருத்துவரிடம் காட்டுங்கள். சாதாரண வலி மாத்திரை இதற்குப் பெரும்பாலும் எடுபடாது. நரம்பு வலிக்கென்று வேறு மருந்துகள் உண்டு. நான் மருத்துவன் இல்லை, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்த்து அவர்தான் எழுதித் தர வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் மறுவாழ்வு மருத்துவப் பிரிவு எங்கே என்று கேளுங்கள். கண்ணாடிப் பயிற்சியை முதல் சில நாள் பிசியோதெரபிஸ்ட் கூட இருந்து செய்வது நல்லது. சிலருக்கு ஆரம்பத்தில் தலை கிறுகிறுக்கும், மனசும் கலங்கும்.

கண்ணாடி இடுப்பிலிருந்து பாதம் வரை காட்டுகிற நீளம் இருக்கட்டும். காலை நீட்டி உட்காரவைத்து, இரண்டு காலுக்கும் நடுவே நிறுத்துங்கள். முகம் பார்க்கும் பக்கம் இடது காலைப் பார்த்து இருக்க வேண்டும், மிச்சக் கால் பின்னால் மறைந்திருக்க வேண்டும். இடது பாதத்தை மெல்ல அழுத்தி, மெல்ல விடச் சொல்லுங்கள். கண் பிம்பத்திலேயே இருக்கட்டும், இல்லாத பாதத்தையும் கூடவே எடுப்பதாக நினைக்கட்டும். பிரேக்கிலிருந்து காலை எடுப்பது எப்படி என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

15 நிமிடம் முடிந்ததும் கண்ணாடியை எடுத்து வைத்துவிடாதீர்கள். தரையில் படுக்கப்போட்டு, அதன் மேலே இடது பாதத்தைத் தூக்கிப் பிடித்து, உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் பாருங்கள். அந்தக் காலும் மரத்திருக்கும், ஆணி குத்தினால் சேதி வராது. தினமும் பாருங்கள். அம்மாவுக்கும் சொல்லிவையுங்கள்.

அன்புடன்.