பேஸ் வாசித்துக் கை வலிப்பவர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

நான் பிசியோதெரபிஸ்ட். 22 வருடமாக பேஸ் கிட்டாரும் வாசிக்கிறேன். என் இடது மணிக்கட்டே ஒரு முறை நான்கு மாதம் வேலைநிறுத்தம் செய்தது. அதன் பிறகு என்னிடம் வரும் வாத்தியக்காரர்களின் கைகளைத் தனிக் கவனத்தோடு பார்க்கத் தொடங்கினேன். எழுத்தில் கேட்கும் கேள்விக்கு எழுத்தில் வழி சொல்லலாம். கையைத் தொட்டுப் பார்க்காமல் இன்ன நோய் என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

கேள்வி: அக்கா, பேஸ் கற்க ஆரம்பித்து மூன்று மாதம் ஆகிறது. கால் மணி நேரம் வாசித்தாலே இடது கட்டைவிரலுக்குக் கீழே உள்ள சதையும் மணிக்கட்டும் வலிக்கின்றன. "ஆரம்பத்தில் எல்லாருக்கும் வலிக்கும், பழகிவிடும்" என்கிறார்கள். உண்மையா?

பதில்: பாதி உண்மை. அந்தப் பாதியை நம்பித்தான் பலர் கையைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

விரல்நுனித் தோல் எரிவது பழகிவிடும், சில வாரங்களில் காய்த்துவிடும். முன்கைச் சதை சோர்ந்து, இரவு தூங்கி எழுந்ததும் சரியாகிவிட்டால் அதுவும் பரவாயில்லை. மணிக்கட்டு மூட்டில் சுருக்கென்று குத்தும் வலி, மறுநாள் காலையிலும் மிச்சமிருக்கும் வலி, மரத்துப்போதல் ஆகியவற்றுக்குப் பழகவே கூடாது.

உங்களுக்கு வலிக்கும் இடத்தைப் பார்த்தால், கிட்டாரின் கழுத்தான நெக்கைக் கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவில் இடுக்கிபோல் நெருக்குகிறீர்கள் என்று நினைக்கிறேன். இன்றைக்கே ஒன்று செய்து பாருங்கள். நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கோடுகள்தான் ஃப்ரெட்டுகள், தலைப்பக்கத்திலிருந்து எண்ண வேண்டும். ஐந்தாவது ஃப்ரெட்டில் கம்பியின் மேல் விரலை வெறுமனே வைத்து மீட்டுங்கள். செத்த சத்தம்தான் வரும். மீட்டிக்கொண்டே மெதுவாக அழுத்தத்தைக் கூட்டுங்கள். முதலில் கரகரப்பு வரும், பிறகு சுரம் தெளியும். தெளிந்த அந்தக் கணத்தில் நிறுத்துங்கள். அந்தச் சுரத்துக்கு அவ்வளவு பலம்தான் தேவை. இதைச் செய்து பார்க்கும் எல்லாரும், "இவ்வளவு போதுமா?" என்று ஆச்சரியப்படுகிறார்கள். விரல் ஃப்ரெட்டுக்கு ஒட்டினாற்போல் பின்னால் இருந்தால் இன்னும் குறைவாகவே போதும். இரண்டு ஃப்ரெட்டுக்கு நடுவில் வைத்தால் கூடுதலாக அழுத்த வேண்டிவரும்.

அடுத்து, கட்டைவிரலை நெக்கிலிருந்து முழுவதும் எடுத்துவிட்டு வாசியுங்கள். கிட்டார் உடம்பை வலது முன்கையால் லேசாக அணைத்துக்கொண்டு, இடது கையின் எடையாலேயே கம்பியை உள்ளே இழுங்கள். தினமும் இரண்டு நிமிடம் போதும். கட்டைவிரல் பிடித்து நெருக்குவதற்காக அங்கே இல்லை, தொட்டுக்கொண்டிருப்பதற்காகத்தான் என்பது கைக்கே புரிந்துவிடும்.

கேள்வி: என் விரல்கள் குட்டை. ஃப்ரெட்டுக்கு ஒரு விரல் என்று நான்கு விரலையும் விரிக்கச் சொல்கிறார் மாஸ்டர். முதல் ஃப்ரெட்டில் உயிர் போகிறது. பேஸ் எனக்கு ஒத்துவராதா?

பதில்: தாராளமாக ஒத்துவரும். கணக்கைப் பாருங்கள். சாதாரண பேஸின் கம்பி நீளம் 34 அங்குலம். அதில் முதல் ஃப்ரெட்டிலிருந்து நான்காவது ஃப்ரெட் வரை ஏறக்குறைய 13 சென்டிமீட்டர். 13-ஆவது ஃப்ரெட்டில் தொடங்கினால் அதே நான்கு விரலுக்கு ஆறரை சென்டிமீட்டர்தான். இரண்டு இடத்துக்கும் ஒரே விரல்முறை என்பது நியாயமே இல்லை.

டபுள் பேஸ் என்ற, நிறுத்தி வைத்து வாசிக்கும் பெரிய வாத்தியத்தை வாசிப்பவர்கள் இந்தச் சிக்கலை எப்போதோ தீர்த்துவிட்டார்கள். 19-ஆம் நூற்றாண்டில் வியன்னாவில் வாசித்த ஃபிரான்ஸ் சிமாண்டலின் பெயரால் இன்றும் அந்த விரல்முறை வழங்குகிறது. அதைப் பேஸ் கிட்டாரில் பின்பற்றுபவர்கள், தலைப்பக்கத்தில் உள்ள கீழ் ஃப்ரெட்டுகளில் ஆள்காட்டி விரல், நடுவிரல், சுண்டுவிரல் என்று மூன்று ஃப்ரெட்டை மட்டும் பிடிப்பார்கள். சுண்டுவிரல் அழுத்தும்போது மோதிர விரலும் கூடவே சேர்ந்து அழுத்தும். நான்காவது ஃப்ரெட் வேண்டுமென்றால் விரலை நீட்ட மாட்டார்கள், கையையே நகர்த்துவார்கள். மோதிர விரலையும் சுண்டுவிரலையும் மடக்கும் ஆழ்தசை பெரும்பாலோருக்கு ஒட்டியே இருக்கிறது. அவற்றைத் தனித்தனியாக இழுத்து விரிப்பதைவிடச் சேர்த்து வேலை வாங்குவது கைக்கு இதம். ஐந்தாவது, ஏழாவது ஃப்ரெட்டைத் தாண்டிய பிறகு நான்கு விரல் முறைக்கு மாறுங்கள். மாஸ்டரிடம் இதை மரியாதையோடு எடுத்துச் சொல்லுங்கள். கேட்பார்.

30 அங்குல பேஸும் இருக்கிறது. அதில் அந்த 13 சென்டிமீட்டர் பதினொன்றரையாகக் குறையும். அதைச் சிறுவர் வாத்தியம் என்று யாராவது இளக்காரம் பேசினால், பால் மெக்கார்ட்னி பீட்டில்ஸ் காலத்தில் வாசித்த ஹாஃப்னர் பேஸும் அந்த அளவுதான் என்று சொல்லுங்கள்.

கேள்வி: இரவில் இடது கை மரத்துப்போய் விழிப்பு வருகிறது. கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றும். கையை உதறினால் சரியாகிறது. பகலில் கணினி வேலை, மாலையில் இரண்டு மணி நேரம் பேஸ்.

பதில்: நீங்கள் சொல்வது கார்ப்பல் டனல் பிரச்சினையின் ஜாடையில் இருக்கிறது. அவசியம் மருத்துவரிடம் காட்டுங்கள். நீரிழிவு, தைராய்டு குறைவு, கர்ப்பம் இவற்றாலும் இது வரும் என்பதால் அவற்றையும் சேர்த்தே பார்ப்பார்கள்.

மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு குறுகலான சுரங்கம் இருக்கிறது. விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் மீடியன் என்ற ஒரு நரம்பும் அதற்குள் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. மணிக்கட்டை அதிகமாக மடக்கினால் உள்ளே அழுத்தம் ஏறும். மடக்கியபடியே விரல்களுக்கு வேலையும் கொடுத்தால் நரம்பு நசுங்கும். பேஸைத் தொடைவரை தொங்கவிட்டு வாசிப்பவர்களின் இடது மணிக்கட்டைப் பாருங்கள், கொக்கிபோல் வளைந்திருக்கும்.

உட்கார்ந்து வாசிக்கும்போது பேஸ் எந்த உயரத்தில் இருக்கிறதோ, நிற்கும்போதும் அதே உயரத்தில் இருக்கும்படி ஸ்ட்ராப்பைச் சுருக்குங்கள். நெக்கின் தலைப்பக்கம் சற்று மேல்நோக்கி இருக்கட்டும். முன்கையும் புறங்கையும் ஏறக்குறைய ஒரே கோட்டில் வர வேண்டும். மணிக்கட்டை நேராக நிறுத்தும் பட்டையை இரவில் கட்டிக்கொண்டு தூங்குவது ஆரம்ப நிலையில் பலருக்கு நல்ல பலன் தருகிறது. கட்டைவிரல் அடிச்சதை இளைத்தாலோ, பிடித்த பொருள் நழுவி விழுந்தாலோ ஒரு வாரம்கூடக் காத்திருக்காதீர்கள். நசுங்கிய நரம்பு சில நேரம் முழுதாகத் திரும்பி வராது.

கேள்வி: எனக்கு மரத்துப்போவது சுண்டுவிரலும் மோதிர விரலில் பாதியும். அதுவும் இதேதானா?

பதில்: இல்லை. அது வேறு நரம்பு, அல்நார். பெரும்பாலும் முழங்கையில்தான் சிக்கும். முழங்கையை நாற்காலிக் கையிலோ மேசை விளிம்பிலோ ஊன்றாதீர்கள். நன்றாக மடக்கித் தலைக்கடியில் வைத்துத் தூங்காதீர்கள். இரண்டு வாரத்தில் குறையவில்லையென்றால் காட்டிவிடுங்கள்.

கேள்வி: கட்டைவிரலால் கம்பியை அடித்து வாசிக்கும் ஸ்லாப் பயிற்சி தொடங்கியதிலிருந்து வலது மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் வலி. பாட்டில் மூடி திறக்க முடியவில்லை. ஸ்லாப்பை விட்டுவிடலாமா?

பதில்: அதற்கு முன் நான் ஒன்று கேட்கிறேன். வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதா?

கேள்வி: ஆமாம் மேடம், ஆறு மாதம்! எப்படித் தெரிந்தது?

பதில்: குழந்தையின் கக்கத்தில் கையைக் கொடுத்து, கட்டைவிரலை விரித்துத் தூக்கும்போது வேலை செய்வதும் இதே தசைநாண்கள்தான். பச்சைக் குழந்தை உள்ள வீடுகளில் இந்த வலி சகஜம். 1895-இல் ஃபிரிட்ஸ் டி கெர்வான் என்ற சுவிஸ் அறுவை மருத்துவர் இதை விவரித்தார், அவர் பெயரிலேயே நிலைத்துவிட்டது. கட்டைவிரலை விரிக்கும் இரண்டு தசைநாண்கள் மணிக்கட்டு ஓரத்தில் ஓர் உறைக்குள் ஓடுகின்றன. உறை தடித்துவிட்டால் ஒவ்வோர் அசைவும் உரசும்.

ஆக, ஸ்லாப் மட்டும் காரணம் இல்லை. ஆனால் இரண்டு சுமையில் இப்போது இறக்கி வைக்கக்கூடியது அதுதான். சில வாரம் விரலால் மட்டும் வாசியுங்கள். குழந்தையைத் தூக்கும்போது கட்டைவிரலை விரிக்காமல் ஆள்காட்டி விரலோடு ஒட்டி வைத்து, உள்ளங்கையை மேல்நோக்கித் தாங்கலாகக் கொடுத்துத் தூக்குங்கள். மருத்துவர் கட்டைவிரலையும் சேர்த்துப் பிடிக்கும் பட்டை தரலாம், கொஞ்ச நாள் கட்டுங்கள்.

திரும்ப ஸ்லாப் தொடங்கும்போது அடி எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். கதவுக் குமிழைத் திருப்புவதுபோல் முன்கை உருள வேண்டும். கட்டைவிரல் அந்தச் சுழற்சியில் சும்மா பயணம் போக வேண்டும். கட்டைவிரலை மட்டும் சுத்தியல்போல் ஓங்கி அடித்தால் மறுபடியும் இதே இடத்துக்கு வருவீர்கள். ஆம்ப்பில் ஒலியைக் கூட்டிவிட்டுப் பாதி பலத்தில் அடியுங்கள். சத்தம் போடுவது ஆம்ப்பின் வேலை.

கேள்வி: மெல்லிய கம்பி மாற்றினால் வலி குறையுமா?

பதில்: குறைய வாய்ப்பு உண்டு. ஆனால் முதலில் பார்க்க வேண்டியது கம்பி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பது. 12-ஆவது ஃப்ரெட்டில் தடித்த ஈ கம்பிக்கு அடியில் 2 முதல் 2.5 மில்லிமீட்டர், மெல்லிய ஜி கம்பிக்கு அடியில் 1.5 முதல் 2 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் சுகமாக வாசிக்கலாம். நான்கு மில்லிமீட்டர் வைத்துக்கொண்டு "பேஸ் என்றாலே வலிதான்" என்று புலம்புபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மனது கஷ்டமாக இருக்கும். கீழ் ஃப்ரெட்டுகளில் மட்டும் கடினமாக இருந்தால் எல்லாக் கம்பியையும் சேர்த்து அழுத்தும் கேப்போ என்ற கவ்வியை முதல் ஃப்ரெட்டில் மாட்டிப் பாருங்கள். உடனே இலகுவானால், தலைப்பக்கத்தில் கம்பிகளைத் தாங்கும் நட் உயரமாக இருக்கிறது. செட்டப் செய்பவரிடம் கொடுங்கள், அதை நீங்களே அராவ வேண்டாம்.

கம்பியின் இழுவிசை அதன் விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். 45–105 செட்டிலிருந்து (மெல்லிய, தடித்த கம்பிகளின் விட்டம், அங்குலத்தில் ஆயிரத்தில் பங்காக) 40–100-க்கு இறங்கினால் ஈ கம்பியில் ஏறக்குறைய 9 சதவீதமும் ஜி கம்பியில் 21 சதவீதமும் குறையும். கம்பியே மாற்றாமல் அரைச் சுரம் இறக்கி ட்யூன் செய்தால் எல்லாக் கம்பியிலும் 11 சதவீதம் குறையும். இழுவிசை குறைந்தால் நெக்கின் வளைவும் மாறும். கம்பி ஃப்ரெட்டில் இடித்துக் கரகரத்தால் நெக்குக்குள் இருக்கும் ட்ரஸ் ராட் என்ற உலோகத் தண்டைச் சரிசெய்ய வேண்டிவரும்.

கேள்வி: பத்து நாளில் கச்சேரி. மணிக்கட்டு வலி. வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஒத்திகையை முடித்துவிடலாமா அக்கா?

பதில்: வேண்டாம் தம்பி. நான் இதைத்தான் செய்தேன். ஒரு நிகழ்ச்சிக்காக, தினம் ஒரு மணி நேரம் வாசித்த கையை ஒரே வாரத்தில் ஐந்து மணி நேரத்துக்கு ஏற்றினேன். வலி வந்ததும் மாத்திரையால் அதன் வாயை அடைத்துவிட்டுத் தொடர்ந்தேன். நிகழ்ச்சி நன்றாகவே நடந்தது. அடுத்த நான்கு மாதம் சாவியைத் திருப்பக்கூட வலது கையைத் தேடினேன்.

மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மாத்திரை போடுங்கள், ஆனால் வாசிப்பைக் கூட்டுவதற்காகப் போடாதீர்கள். முதல் மூன்று நாள் வாத்தியத்தைத் தொடாமல் பாட்டுகளைக் கேட்டு, பேஸ் வரியை வாயால் பாடிப் படியுங்கள். ஃப்ரெட் எங்கே, விரல் எது என்று மனதுக்குள் ஓட்டுங்கள். இதுவும் பயிற்சிதான், நன்றாகப் பதியும். பிறகு பத்துப் பத்து நிமிடமாகத் தொடுங்கள். கை கடுக்கும் வரிகளை எளிமையாக்குங்கள். பதினாறு அடிக்கும் இடத்தில் எட்டு அடித்தால் கேட்பவர்களில் யாரும் எழுந்து போகப் போவதில்லை. அப்படியும் வலி ஏறினால் குழுவிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். மாற்று ஆள் தேட அவர்களுக்கும் நாள் வேண்டும்.

கேள்வி: அம்மா, எனக்கு 58 வயது. பணி ஓய்வுக்குப் பிறகு பேஸ் கற்கிறேன். இரண்டு கட்டைவிரல் அடிமூட்டிலும் தேய்மானம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். நிறுத்திவிட வேண்டுமா?

பதில்: வேண்டாம் ஐயா. மருத்துவர் தடுக்காதவரை வாசியுங்கள். எடை குறைந்த, 30 அங்குல பேஸ் உங்களுக்குப் பொருந்தும். இழுவிசையும் 34 அங்குலத்தைவிட 22 சதவீதம் குறைவு. முதல் பதிலில் சொன்ன கட்டைவிரல் இல்லாத பயிற்சியை நீங்கள் நிரந்தர முறையாகவே வைத்துக்கொள்ளலாம். மீட்டும்போது வலது கட்டைவிரலை, கம்பிக்கு அடியில் ஒலியை வாங்கும் பிக்கப்பில் ஊன்றி அழுத்தாதீர்கள், கம்பியின் மேல் இளைப்பாறட்டும். வாசிக்கும் முன் வெதுவெதுப்பான நீரில் ஐந்து நிமிடம் கையை வைத்திருங்கள்.

கேள்வி: எனக்கு வலியே இல்லை. ஆனால் பேஸ் எடுத்தால் மட்டும் மோதிர விரல் தானாகச் சுருண்டுகொள்கிறது. அதிகமாகப் பயிற்சி செய்யச் செய்ய மோசமாகிறது.

பதில்: பயிற்சியை இன்றே நிறுத்திவிட்டு நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். ஃபோகல் டிஸ்டோனியா என்று ஒன்று உண்டு. கோளாறு விரலில் இல்லை, விரலை இயக்கும் மூளையின் கட்டளையில் இருக்கிறது. பியானோ மேதை லியோன் ஃபிளைஷருக்கு 1960-களின் நடுவில் வலது கையில் வந்தது. ஆண்டுக்கணக்கில் இடது கைக்கான இசையை வாசித்தார், 1990-களில் போடாக்ஸ் ஊசியின் துணையோடு இரண்டு கையாலும் திரும்ப வாசித்தார். உங்களுக்கு இதுதான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் உழைத்துச் சரிசெய்துவிடலாம் என்று மட்டும் முயலாதீர்கள்.

கேள்வி: ஒன்றரை மாத ஓய்வு முடிந்தது. மருத்துவர் மெதுவாகத் தொடங்கச் சொல்லிவிட்டார். மெதுவாக என்றால் எவ்வளவு?

பதில்: என் நோயாளிகளுக்கு நான் சொல்வது இது. முதல் மூன்று நாள் காலையில் ஐந்து நிமிடம், மாலையில் ஐந்து நிமிடம். ஏழாவது ஃப்ரெட்டுக்கு மேலே மட்டும், நிதானமான வேகத்தில். மறுநாள் காலை கை எப்படி இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். சுத்தமாக இருந்தால் ஒவ்வொரு வேளைக்கும் இரண்டு நிமிடம் கூட்டுங்கள். வலி எட்டிப் பார்த்தால் முந்தைய அளவுக்கு இறங்கி இரண்டு நாள் அங்கேயே இருங்கள். 25 நிமிடத்தை எட்டிய பிறகும் ஒவ்வொரு 25-க்கும் ஐந்து நிமிடம் பேஸைத் தோளிலிருந்து இறக்கி வையுங்கள். அந்த ஐந்து நிமிடத்தில் ஃபோனைக் கையில் எடுக்காதீர்கள், கட்டைவிரலுக்கு அதுவும் வேலைதான். முதல் நான்கு ஃப்ரெட்டுகளையும் வேகமான பாட்டுகளையும் கடைசியில் சேருங்கள், இரண்டையும் ஒரே வாரத்தில் சேர்க்காமல்.