சூரியச் சீற்றத்தை டெராஹெர்ட்ஸில் பார்ப்பது எப்படி? கேள்வி பதில்

இயற்பியல் மாணவி: எக்ஸ் கதிர்த் துணைக்கோள்கள் இருக்கும்போது டெராஹெர்ட்ஸ் தொலைநோக்கி எதற்கு, ஐயா?

பதில்: சூரியனில் திடீரென வெடித்தெழும் ஆற்றல்தான் சீற்றம்; ஒரு டெராஹெர்ட்ஸ் என்பது 1,000 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண். 2003 நவம்பர் 4 அன்று பதிவான சீற்றத்தைப் பாருங்கள். வழக்கமாகச் சீற்றத்தின் ரேடியோ வீச்சு (கதிர்வீச்சின் வலிமை) 10 கிகாஹெர்ட்ஸ் வாக்கில் உச்சம் தொட்டுப் பிறகு இறங்கிவிடும். அன்று அர்ஜென்டினாவின் எல் லியோன்சிட்டோ மலையில் உள்ள எஸ்.எஸ்.டி. (சூரியனுக்கான சப்மில்லிமீட்டர் அலைத் தொலைநோக்கி) 212, 405 கிகாஹெர்ட்ஸில் சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தது. தேய்ந்திருக்க வேண்டிய வீச்சு 405-இல் இன்னும் வலுத்திருந்தது! பிரேசிலின் பியர் காஃப்மன் குழு இதை 2004-இல் வெளியிட்டது. காரணம் அடர்ந்த வெப்பப் பிளாஸ்மாவா (மின்னேற்றம் பெற்ற வாயு), ஒளிவேகத்தை நெருங்கும் எலக்ட்ரான்களா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. அதிர்வெண் கூடக் கூட ஏறும் இந்த வீச்சு, டெராஹெர்ட்ஸ் பக்கம் எங்கே இறங்கத் தொடங்குகிறது என்று கண்டால்தான் அது தீரும். என்னைக் கேட்டால், சூரிய இயற்பியலில் இதைவிடச் சுவையான புதிர் குறைவு.

ஆசிரியர்: மலைமேல்தான் வைக்க வேண்டுமா?

பதில்: ஆம். காற்றின் ஈரம் இக்கதிர்களை விழுங்கிவிடும். எல் லியோன்சிட்டோ சுமார் 2,500 மீட்டர் உயரம், வறண்ட இடம். அங்கும் 1 முதல் 10 டெராஹெர்ட்ஸ் வரை வானம் ஏறக்குறைய மூடியே கிடக்கிறது. அதனால்தான் 3, 7 டெராஹெர்ட்ஸ் பார்க்கும் சோலார்-டி கருவியை 2016 ஜனவரியில் அண்டார்டிகாவிலிருந்து பலூனில் ஏற்றினார்கள். 15, 30 டெராஹெர்ட்ஸ் பக்கம் காற்று மீண்டும் கதிர்களுக்கு வழிவிடுகிறது.

பொறியாளர்: எஸ்.எஸ்.டி.யின் 1.5 மீட்டர் ஆன்டெனாவை வைத்துச் சீற்றம் எழுந்த இடத்தைச் சொல்ல முடியுமா?

பதில்: முடியும். எஸ்.எஸ்.டி.யில் 212-க்கு நான்கு ஏற்பிகள், 405-க்கு இரண்டு. 212-இன் மூன்று கற்றைகள் (ஒவ்வோர் ஏற்பியும் பார்க்கும் வானப் பகுதி) ஒன்றன்மேல் ஒன்று பாதி படிந்திருக்கும். ஒவ்வொன்றிலும் வீச்சு எவ்வளவு ஏறியது என்று ஒப்பிட்டால் இடம் கிடைத்துவிடும்.

மாணவர்: சிலியில் உள்ள பெரிய ரேடியோ தொலைநோக்கி வரிசையான ஆல்மா போதாதா?

பதில்: கூர்மையில் அதற்கு ஈடில்லை. ஆனால் பார்க்கும் பரப்பு சிறியது. நேரமும் முன்கூட்டியே ஒதுக்கப்படுவது. சீற்றமோ சொல்லிக்கொண்டு வராது.

அமெச்சூர் வானியலர்: நாங்களே முயன்று பார்க்கலாமா?

பதில்: 30 டெராஹெர்ட்ஸில் தாராளமாக. அது 10 மைக்ரான் அகச்சிவப்புதான். குளிரூட்டாத வெப்பக் கேமராவே போதும். கண்ணாடி வில்லை இக்கதிரை மறைக்கும். ஜெர்மானியம் வில்லை அல்லது அலுமினியம் பூசிய ஆடி வேண்டும். 10 சென்டிமீட்டர் ஆடிக்கு ஏறத்தாழ 25 விகலை (ஒரு விகலை = பாகையில் 3,600-இல் ஒரு பங்கு) துல்லியம் வரும்; பெரிய சூரியப் புள்ளிகள் கருமையாகத் தெரியும். ஆடி குவிக்கும் வெயில் கேமராவைப் பொசுக்காதபடி ஜெர்மானியம் வடிகட்டியை முன்னால் பொருத்துங்கள். கண்ணை மட்டும் அருகில் கொண்டுபோகவே கூடாது.