எட்டில் நான்கு ஆட்டங்களில் தோற்ற பெங்களூர் மகளிர் அணி 2024இல் கிண்ணம் வென்றது எவ்வாறு?

திருகோணமலையில் எங்களிடம் சுழற்பந்து வீசப் பழகும் மாணவி ஒருவரும் இதே கேள்வியைக் கேட்டார். விடை, இந்தியாவின் மகளிர் பிரீமியர் லீக் கிரிக்கெட் தொடரின் அமைப்பிலேயே தொடங்குகிறது. ஐந்து அணிகளுள் முதலிடம் பெறுவது நேரே இறுதிப் போட்டிக்குச் செல்ல, இரண்டாம், மூன்றாம் இடத்து அணிகள் வெளியேற்றுப் போட்டியில் மோதுகின்றன. ஆகவே நான்கு வெற்றிகளுடன் மூன்றாமிடம் பிடித்த பெங்களூரின் றோயல் சலஞ்சர்ஸ் அணிக்கு வழி அடைபடவில்லை.

வெளியேற்றுப் போட்டியில் 135 ஓட்டங்களே எடுத்தபோதும், நடப்புச் சாம்பியன் மும்பையை 5 ஓட்டங்களால் வென்றார்கள். கடைசி ஓவரில் மும்பைக்கு 12 ஓட்டங்கள் தேவைப்பட, அதை வீசியவர் பெங்களூரின் சுழற்பந்து வீச்சாளர் ஆஷா சோபனா.

ஆனால் கவனித்துப் பார்க்க வேண்டியது, டெல்லியில் மார்ச் 17ஆம் திகதி நடந்த இறுதிப் போட்டியைத்தான். விக்கெட் இழப்பின்றி 64 ஓட்டங்களுடன் டெல்லி அணி விரைந்துகொண்டிருக்கையில், இடதுகைச் சுழற்பந்து வீச்சாளர் சோஃபி மொலினூ ஒரே ஓவரில் ஷஃபாலி வர்மாவைப் பிடிகொடுக்கச் செய்து, ஜெமிமா ரொட்ரிகஸ், அலிஸ் கேப்ஸி இருவரின் விக்கெட்டுகளையும் நேரடியாகத் தகர்த்தார். பின்னர் ஸ்ரேயங்கா பாட்டீல் 12 ஓட்டங்களுக்கு 4 விக்கெட் எடுக்க, டெல்லி 113இல் சுருண்டது. வீழ்ந்த பத்தில் ஒன்பது விக்கெட்டுகள் சுழற்பந்துக்கே கிடைத்தன. கிண்ணம் வென்றது அந்தப் பந்துவீச்சே என்பது என் உறுதியான கருத்து. அதன்பின் எலிஸ் பெரி ஆட்டமிழக்காமல் 35 ஓட்டங்கள் எடுத்து, மூன்று பந்துகள் மீதமிருக்க அணியைக் கரைசேர்த்தார்.