லென்ஸுக்கு எந்த சைஸ் ஃபில்டர்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் கேமரா லென்ஸின் முன்னால் திருகி மாட்டும் கண்ணாடியான ஃபில்டரைப் பற்றியவை. "வாங்கிவிட்டேன், மாட்ட முடியவில்லை" என்ற வருத்தம் அவற்றில் அடிக்கடி வருகிறது. கண்ணாடியின் தரம், பூச்சு, விலை எல்லாம் அப்புறம். முதலில் அளவு சரியாக இருக்க வேண்டும்.

பெரம்பூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: சார், என்னிடம் இருப்பது கேனான் 18-55 லென்ஸ். அதனால் 55 எம்.எம். ஃபில்டர் ஆர்டர் போட்டேன். வந்தது மரையில் பிடிக்காமல் உள்ளே விழுகிறது. ஃபில்டரில் ஏதாவது குறையா?

ஃபில்டரில் குறை இல்லை, தம்பி. 18-55 என்பது லென்ஸின் குவியத் தூரம். காட்சி எவ்வளவு அகலமாக விழும், எவ்வளவு கிட்டத்தில் தெரியும் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. ஃபில்டருக்கு நீங்கள் பார்க்க வேண்டியது லென்ஸின் முன்வாயில் உள்ள மரையின் விட்டம். இரண்டையுமே எம்.எம். என்று எழுதுவதால்தான் இந்தக் குழப்பம். போதாததற்கு, நிக்கானின் ஏஎஃப்-பி 18-55 லென்ஸுக்கு நிஜமாகவே 55 எம்.எம். ஃபில்டர்தான். நிக்கானின் பழைய 18-55களுக்கோ 52. உங்கள் கேனான் எஸ்டிஎம் வகை என்றால் 58. ஒரே குவியத் தூரம், மூன்று வேறு அளவுகள். ஆகவே நண்பர் எதை வாங்கினார் என்று கேட்டு வாங்காதீர்கள்.

சரியான எண் லென்ஸிலேயே இருக்கும். முன் விளிம்பைச் சுற்றியோ பக்கவாட்டிலோ பாருங்கள். ஒரு சிறிய வட்டம், அதைக் குறுக்கே வெட்டும் சாய்ந்த கோடு, பக்கத்தில் ஓர் எண். அதுதான் ஃபில்டர் சைஸ். பெரும்பாலான லென்ஸ் கேப்களின் உட்புறத்திலும் அதே எண் இருக்கும், ஏனென்றால் கேப்பும் அந்த மரையில்தான் பிடிக்கிறது. ரிச்சி தெருவுக்கு நேரில் போனால் லென்ஸையே எடுத்துப் போங்கள். கடையிலேயே ஃபில்டரை மாட்டி, இரண்டு சுற்று கையால் திருகிப் பாருங்கள். விரல் நுனியின் அழுத்தத்திலேயே வழுக்கிக்கொண்டு போக வேண்டும். கோணலாக ஏறினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். லென்ஸின் மரை கெட்டால் சரி செய்வது செலவு.

தாம்பரத்திலிருந்து ஒருவர்: அப்பா வைத்திருந்த ஃபிலிம் காலத்து லென்ஸ். எழுத்தெல்லாம் அழிந்துவிட்டது. ஸ்கேல் வைத்து அளக்கலாமா?

அளக்கலாம். மரையின் உட்பக்கத்தை அளந்தால் உண்மையான எண்ணைவிடச் சற்றுக் குறைவாகக் காட்டும். அதற்கு அடுத்த பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமான அளவுகள் 49, 52, 55, 58, 62, 67, 72, 77, 82. ஸ்கேலில் 51 சொச்சம் வந்தால் அது 52தான்.

அண்ணா நகரிலிருந்து ஒரு வாசகி: என்னிடம் நான்கு லென்ஸ்கள். 18-55, 55-250 இரண்டும் 58. 50 எம்.எம். லென்ஸுக்கு 49. 10-18க்கு 67. நல்ல சிபிஎல் (போலரைசர் ஃபில்டர்) ஒன்றே விலை அதிகம். மூன்று சைஸிலும் வாங்க வேண்டுமா?

வேண்டாம். இருப்பதில் பெரிய அளவான 67க்கு ஒரு நல்ல போலரைசர் வாங்குங்கள். மற்றவற்றுக்கு, சிறிய லென்ஸில் பெரிய ஃபில்டரை மாட்ட உதவும் ஸ்டெப்-அப் ரிங் போதும். உங்களுக்கு வேண்டியவை 49-67, 58-67 என்ற இரண்டு ரிங்குகள். முதல் எண் லென்ஸ் பக்கம், இரண்டாவது ஃபில்டர் பக்கம். கடையில் இந்த வரிசையிலேயே சொல்லிக் கேளுங்கள். 67-58 என்று மாற்றிச் சொன்னால் நேர் எதிரான ரிங்கைக் கையில் கொடுத்துவிடுவார்கள். இரண்டு ரிங்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதும் வேண்டாம். ஒவ்வொரு லென்ஸுக்கும் நேரடியாக ஒரே ரிங் இருப்பது நல்லது.

அடுத்த ஓரிரண்டு வருடத்தில் பெரிய லென்ஸுக்குப் போகும் எண்ணம் இருந்தால் இப்போதே 77 வாங்கிவிடலாம் என்பது என் கருத்து. கேனானின் 24-105, நிக்கானின் 70-200 எஃப் 2.8 போன்ற பல லென்ஸ்களுக்கு அதுதான் சைஸ். விலை கூடும். ஆனால் ஃபில்டர் லென்ஸைவிட நெடுநாள் உங்களோடு இருக்கும்.

இதில் இரண்டு சங்கடங்கள் உண்டு. ரிங் மாட்டினால் லென்ஸின் சொந்த ஹூட் (வெயிலை மறைக்க முன்னால் மாட்டும் வளையம்) பெரும்பாலும் பொருந்தாது. பக்கவாட்டு வெயிலைக் கையாலோ தொப்பியாலோ மறைக்க வேண்டியிருக்கும். அப்புறம், ஃபில்டரோடு மூடி வைக்க 67 எம்.எம். கேப் ஒன்று தனியாக வாங்க வேண்டும்.

சிபிஎல் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அளவு சரியாக இருந்தும் "வேலை செய்யவில்லை" என்று திருப்பிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். வானத்தின் நீலத்தை அடர்த்தியாக்குவதும் நீரின் பிரதிபலிப்பைக் குறைப்பதும் அதன் வேலை. வானத்தில் அதன் பலன் சூரியனுக்குத் தொண்ணூறு டிகிரி திசையில்தான் முழுமையாகத் தெரியும். மெரினாவில் உதிக்கும் சூரியனை நேராகப் பார்த்து எடுத்தால் வானம் அப்படியே இருக்கும். சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் இருந்தாலும் அப்படித்தான். மயிலாப்பூர் தெப்பக்குளத்தில் இன்னொரு சிக்கல். கோபுரத்தின் நிழலுருவம் நீரில் விழும் படத்துக்காகத்தான் போகிறோம். போலரைசரைத் தப்பான பக்கம் திருப்பினால் அந்த உருவமே மங்கிவிடும். வ்யூஃபைண்டரில் பார்த்துக்கொண்டே மெதுவாகத் திருப்பி, நீரில் உருவம் தெளியும் இடத்தில் நிறுத்துங்கள்.

அம்பத்தூரிலிருந்து: என்னிடம் 72 எம்.எம். ஃபில்டர் இருக்கிறது. 77 லென்ஸில் ரிங் போட்டு மாட்டலாமா?

மாட்ட முடியும், ஆனால் வேண்டாம். சிறிய ஃபில்டரின் சட்டம் லென்ஸின் பார்வைக்குள் வந்து மூலைகள் கறுத்துவிடும்.

காசிமேட்டுக்கு அடிக்கடி போகும் ஒருவர்: மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலையில் படம் எடுக்கிறேன். யுவி ஃபில்டர் கட்டாயமா? சிலர் படம் கெடும் என்கிறார்கள்.

புற ஊதாக் கதிருக்காகத் தேவையில்லை. ஃபிலிம் காலத்தில் அதற்கு வேலை இருந்தது. டிஜிட்டல் கேமராவில் சென்சாருக்கு முன்னால் இருக்கும் கண்ணாடியே அதைத் தடுத்துவிடுகிறது. உங்களுக்கு வேண்டியது பாதுகாப்பு. கடலோரத்தில் நான் அதை மனமார ஆதரிக்கிறேன். காற்றில் வரும் உப்புத் துளி, மீன் கூடைகளிலிருந்து தெறிக்கும் தண்ணீர், மணல் எல்லாம் லென்ஸின் முன்கண்ணாடியில் படுவதைவிடக் கழற்றித் துடைக்கக்கூடிய ஒன்றில் படட்டும். துடைக்கும்போதும் காய்ந்த துணியால் தேய்க்காதீர்கள். முதலில் புளோயரால் மணலை ஊதி, பிறகு ஈரத் துணியால் உப்பை ஒற்றி எடுங்கள். கேனானின் 17-40 போன்ற சில எல் வரிசை லென்ஸ்களில், ஃபில்டர் போட்டால்தான் முன்பக்கத் தூசி, நீர்த் தடுப்பு முழுமையாகும் என்று கேனானே சொல்கிறது.

நகரத்துக்குள் பகலில் ஹூட் போதும். இரவில் மட்டும் ஃபில்டரைக் கண்டிப்பாகக் கழற்றிவிடுங்கள். நேப்பியர் பாலத்தின் விளக்குகளை ஃபில்டரோடு எடுத்துப் பாருங்கள், கறுத்த வானத்தில் பச்சையாகவோ ஊதாவாகவோ தலைகீழ்ப் புள்ளிகள் தெரியும். விளக்கின் ஒளி சென்சாரில் பட்டுத் திரும்பி, தட்டையான ஃபில்டர் கண்ணாடியில் மோதி மறுபடி உள்ளே வருவதால் வரும் பேய்ப் பிம்பம் அது. நல்ல பூச்சு உள்ள ஃபில்டரில் குறையும், முழுதும் போகாது.

வேளச்சேரியிலிருந்து: 10-18 லென்ஸில் சரியான 67 ஃபில்டர்தான் போட்டேன். 10இல் எடுத்தால் மூலை இருட்டாக வருகிறதே?

ஒன்றுக்கு மேல் மாட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள். யுவியைக் கழற்றாமல் அதன்மேல் சிபிஎல் மாட்டுவது பலருக்கும் பழக்கம். அகல லென்ஸில் அந்தக் கூடுதல் தடிமனே மூலையை மறைக்கும். ஒன்றுதான் என்றால் சட்டம் தடிமனாக இருக்கலாம்; ஸ்லிம் வகை பாருங்கள். சில ஸ்லிம் ஃபில்டர்களின் முன்பக்கத்தில் மரையே இருக்காது, கேப் நிற்காமல் கழன்று விழும். வாங்கும்போதே கேப்பை மாட்டிப் பாருங்கள்.

திருவான்மியூரிலிருந்து: ஃபில்டர் லென்ஸோடு இறுகிவிட்டது. எவ்வளவு பலமாகத் திருகினாலும் வரவில்லை.

பலமாகப் பிடிப்பதுதான் காரணம். இரு விரலால் அழுத்தும்போது மெல்லிய வளையம் நீள்வட்டமாக நெளிந்து மரையை இன்னும் இறுக்கிக்கொள்கிறது. அகலமான ரப்பர் பேண்டை வளையத்தைச் சுற்றிப் போட்டு, எல்லா விரல்களாலும் சுற்றிலும் லேசாகப் பிடித்துத் திருப்புங்கள். ரப்பர் கையுறையும் உதவும். அதற்கும் மசியாவிட்டால் ஃபில்டர் ரெஞ்ச் என்று பிளாஸ்டிக் வளையம் கிடைக்கிறது, சைஸ் பார்த்து வாங்க வேண்டும். எண்ணெய் விட வேண்டாம், லென்ஸுக்குள் இறங்கிவிடும். பித்தளை வளையம் அலுமினியத்தைப் போல எளிதில் சிக்காது. அடுத்த முறை கட்டுப்படியானால் அதை வாங்குங்கள். கடற்கரையிலிருந்து வந்ததும் ஃபில்டரைக் கழற்றி, மரையை மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிடுவதும் நல்ல பழக்கம்.

பெசன்ட் நகரிலிருந்து: அலை பனிமூட்டம் போல வரும் படங்களுக்கு எந்த என்டி ஃபில்டர்?

அளவுக்கு மேலே சொன்ன கணக்குதான், பெரிய சைஸும் ரிங்குகளும். என்டி என்பது உள்ளே வரும் ஒளியைக் குறைக்கும் கறுத்த கண்ணாடி. அதன் அடர்த்தியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஒரு ஸ்டாப் குறைந்தால் ஒளி பாதியாகும். என்டி 8 ஒளியை மூன்று ஸ்டாப் குறைக்கும், என்டி 64 ஆறு, என்டி 1000 பத்து. சூரியன் எழுந்த பிறகு வினாடியில் அறுபதில் ஒரு பங்கு ஷட்டர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். என்டி 64 போட்டால் அது சுமார் ஒரு வினாடி ஆகும். பின்வாங்கும் அலையின் கோடுகள் மணலில் அழகாக விழும். என்டி 1000 போட்டால் சுமார் 16 வினாடி, கடல் புகையாகிவிடும். எனக்குப் பிடித்தது முதலாவது, அதில் அலை அலையாகவே இருக்கிறது. என்டி 1000 என்றால் ஃபோகஸை முதலில் பிடித்து, மேனுவலுக்கு மாற்றிவிட்டுப் பிறகு ஃபில்டரை மாட்டுங்கள், போட்ட பின் கேமராவுக்கு ஒன்றும் தெரியாது. திருகி மாற்றும் வேரியபிள் என்டி வீடியோவுக்கு வசதி. அகல லென்ஸில் அதை உச்சத்துக்குத் திருப்பினால் படத்தில் பெருக்கல் குறி போல இருட்டு விழும்.

பள்ளிக்கரணையில் பறவை எடுப்பவர்: 150-600 லென்ஸுக்கு 95 எம்.எம். யுவி விலை கேட்டுப் பயந்துவிட்டேன். வேண்டுமா?

வேண்டாம். அந்த லென்ஸோடு வரும் நீளமான ஹூட்டை எப்போதும் மாட்டி வைத்தாலே போதும். மலிவான 95 எம்.எம். கண்ணாடியை முன்னால் வைத்தால் 600இல் இறகின் கூர்மை முதலில் போய்விடும்.