தொழில்நுட்பக் கோடீஸ்வரர்கள் சமூகத்துக்குப் போதுமான அளவு கொடுக்கிறார்களா?

ஒரு சிலரைத் தவிர, இல்லை. 2010இல் மைக்ரோசொஃப்ட் நிறுவனர் பில் கேட்ஸும் முதலீட்டாளர் வாரன் பஃபெட்டும் தொடங்கிய ‘கிவிங் பிளெட்ஜ்’ என்ற உறுதிமொழி, பெரும் பணக்காரர்களைப் பாதிச் சொத்தையாவது கொடுக்கச் சொல்கிறது. ஆனால் சட்டப்படி யாரையும் கட்டுப்படுத்தாது. 2045க்குள் ஏறத்தாழ எல்லாவற்றையும் கொடுத்துவிடுவதாக 2025இல் அறிவித்த கேட்ஸை மனதார மதிக்கிறேன். பேஸ்புக் நிறுவனர் சக்கர்பேர்க் 2015இல் தன் பேஸ்புக் பங்குகளில் 99 வீதத்தைத் தருவதாகச் சொன்னார். அதற்கென அமைத்ததோ தொண்டு அறக்கட்டளை அல்ல, அவர் கட்டுப்பாட்டிலுள்ள ஒரு கம்பனி.

நம்ம இலங்கை மலையகத்தைப் பாருங்கள். 2020இல் பள்ளிக்கூடங்கள் மூடியபோது தோட்டத்துப் பிள்ளைகள் சிக்னல் தேடித் தேயிலை மலை ஏறினார்கள். பல லயங்களில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், வீட்டுக்கு ஒரே போன், அதையும் அம்மா கொழுந்தெடுக்கப் போகும்போது கொண்டுபோய்விடுவார். அந்தப் பிள்ளைகள் போனில் பார்த்த விளம்பரமும் இந்தத் தொழில்நுட்பக் கோடீஸ்வரர்களுக்கு வருமானம்தான். அதனால் நன்கொடையைவிட வரியைத்தான் பெரிதாக நினைக்கிறேன். சம்பாதிக்கும் நாட்டிலேயே ஒழுங்காகக் கட்டட்டும். வரிக்காசில் எங்கள் மலைக்கு டவர் கேட்டு எம்பியிடம் போய் நிற்கலாம்; தானம் கொடுப்பவரிடம் அப்படி உரிமையோடு கேட்க முடியாது.