எண் 9என், கியர் நான்கு: எஞ்சின் மாறிய வண்டி

வணக்கம் சார். உங்கள் ஃபோர்டு டிராக்டரில் எண் 9என் என்று தொடங்குகிறது, விற்றவர் 1946 மாடல் என்கிறார், முன்னோக்கிப் போகும் கியர் நான்கு என்று எழுதியிருந்தீர்கள்.

எண்ணும் வருடமும் முரண்படவில்லை. 9என் என்பது ஃபோர்டின் பழைய மாடல். அதற்குப் பின் 1942 முதல் 1947 வரை வந்த 2என் மாடல் வண்டிகளுக்கும் 9என் என்றே எண் அடித்தார்கள். இதில் ஏமாறாதவர் குறைவு.

பொருந்தாதது கியர் எண்ணிக்கைதான். 9என், 2என் இரண்டிலும் முன்கியர் மூன்றுதான். நான்கு வந்தது 1947இல் தொடங்கிய 8என் மாடலில். இரண்டு பிரேக் பெடலும் வலப்பக்கமே இருக்கின்றனவா பாருங்கள். பழையவற்றில் பக்கத்துக்கு ஒன்று இருக்கும். சீட்டுக்கு அடியில் வலப்பக்கம் பொசிஷன் கண்ட்ரோலின் (பின்னால் மாட்டும் கருவியை ஒரே உயரத்தில் நிறுத்தும் வசதி) சின்ன லீவர் இருக்கிறதா? அதுவும் 8என்னுக்கே உரியது.

இரண்டும் இருந்தால் உங்களுடையது 8என் வண்டி, எஞ்சின் மட்டும் பழையது. எண் எஞ்சின் பிளாக்கில் இருப்பதால் எஞ்சின் மாறினால் எண்ணும் மாறிவிடும். மாடலைக் கண்டுபிடிக்கப் பெயின்ட் நிறத்தை நம்பவே நம்பாதீர்கள், யாரும் அடிக்கலாம்.

டிஸ்ட்ரிபியூட்டர் (ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுப்பது) எஞ்சினின் முன்னால் இருக்கிறதா, பக்கவாட்டிலா? 8என்னில் 263844ஆம் எண்ணிலிருந்துதான் பக்கவாட்டுக்குப் போனது. அதற்குள் இருக்கும் பாயின்ட் செட் வாங்கும்முன் இதைப் பாருங்கள். வண்டியின் வருடத்தைச் சொல்லி வாங்கினால் பொருந்தாமல் போகும். பெடல் பக்கம் ஒரு படம் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.