மேட்டில் விசில் அடிக்கும் பழைய டர்போ கார்: டர்போவை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: 15 ஆண்டு ஓடிய டர்போ டீசல் கார். மேடு ஏறும்போது விசில் போன்ற சத்தம் வருகிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில நொடி சடசடக்கிறது. டர்போ போய்விட்டது, மாற்றிவிடுங்கள் என்கிறார்கள். உண்மையாக இருக்குமா?

இருக்கலாம், ஆனால் நீங்கள் சொல்லும் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால் எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவை நான் கடைசியாகத்தான் சந்தேகிப்பேன். இதே தீர்ப்பை என் காருக்கும் ஒருவர் எழுதிக் கொடுத்தார்.

என் வீடு செங்கோட்டையில் இருக்கிறது. வேலை நிமித்தமாக வாரத்தில் மூன்று நாள் புனலூர் வரை போய்வர வேண்டியிருப்பதால், புளியரையிலிருந்து கோட்டைவாசல் வரையுள்ள மலைப்பாதையின் எஸ் வளைவுகளை ஏறி இறங்குவதே என் 2009 மாடல் 1.3 லிட்டர் டர்போ டீசல் காரின் பிழைப்பு. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐப்பசி மாதத்தில், இரண்டாவது கியரில் ஏறும்போது எஞ்சின் 2,000 சுற்றைத் தாண்டியதும் ‘ஸ்ஸ்ஸ்’ என்று ஒரு விசில் கிளம்பியது. இழுவை குறைந்தது, கண்ணாடியில் பார்த்தால் பின்னால் கரும்புகை. இறக்கத்தில் எந்தச் சத்தமும் இல்லை.

நான் போன பட்டறையில் காரை நிறுத்தியபடியே நியூட்ரலில் ஆக்ஸிலரேட்டரை மிதித்துப் பார்த்தார்கள், விசில் வரவில்லை. பிறகு காற்றுக் குழாயைக் கழற்றி உள்ளே விரல் விட்டு, விரலில் ஒட்டிய ஆயிலைக் காட்டி, டர்போவில் ஆயில் கசியாமல் தடுக்கும் சீல் போய்விட்டது என்றார்கள். அவர்கள் சொன்ன தொகை காரை விற்றால் கிடைப்பதில் ஏறக்குறைய கால் பங்கு.

இந்த இரண்டு சோதனைகளுமே பிழையானவை என்பதை ஆரியங்காவில் பட்டறை வைத்திருக்கும் வயதான மேஸ்திரி ஒருவரிடம்தான் தெரிந்துகொண்டேன். நியூட்ரலில் எஞ்சினுக்குச் சுமை இல்லை. சுமை இல்லாவிட்டால் டர்போவைச் சுழற்றும் புகைவாயுவின் வேகம் போதாது, குழாய்களில் காற்றழுத்தமும் ஏறாது. ஆகவே அழுத்தத்தில் மட்டும் வெளிப்படும் ஓட்டையை, நின்ற வண்டியில் எவ்வளவு மிதித்தாலும் கேட்க முடியாது. குழாயில் படிந்திருக்கும் ஆயிலைப் பொறுத்தவரை, எஞ்சினின் அடிக்கூடான கிராங்க்கேஸிலிருந்து வரும் ஆயில் ஆவியை உள்ளிழுக்கும் காற்றோடு சேர்த்துவிடுவதுதான் இந்த எஞ்சின்களின் அமைப்பு என்பதால், மெல்லிய பிசுக்கு இல்லாத பழைய டர்போ காரே கிடையாது. குழாயின் அடியில் ஆயில் தேங்கி நின்றால் அது வேறு கதை.

நான் விசிலை வாயால் செய்து காட்டத் தொடங்கியதுமே அவர் கையமர்த்தி, “சத்தம் எப்படின்னு வேண்டாம் தம்பி, எப்பம் வருதுன்னு சொல்லுங்க” என்றார். பிறகு என்னை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் அமர்ந்து, புளியரை வரை இறங்கித் திரும்ப ஏறினோம். இடப்பக்கம் பாறை நெருங்கி வரும் வளைவுகளில் கண்ணாடியை இறக்கிவிட்டுக் காதை வெளியே நீட்டினார்; பானெட்டுக்குள் அமுங்கிப் போகும் சத்தம் பாறையில் பட்டுத் தெளிவாகத் திரும்பி வருகிறது. ஏற்றத்தின் நடுவில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென எடுக்கச் சொன்னார். எடுத்த கணமே விசில் அறுந்தது. “டர்போ இல்ல, காத்து ஒழுகுது” என்றார். டர்போவின் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலக்கூடியது; காலை எடுத்தாலும் அது உடனே நின்றுவிடாது என்பதால், அதன் தாங்கு பகுதி தேய்ந்து எழும் ஊளைச் சத்தம் சற்றே இழுத்துத்தான் அடங்கும்.

பட்டறைக்குத் திரும்பி வண்டி ஆறிய பிறகு, டர்போவிலிருந்து, அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் குழாயைக் காட்டினார். மேலே பார்த்தால் பழுதே இல்லை. அடிப்பக்கத்தில் மட்டும் விரல் நீளத்துக்கு ஆயில் கசிந்து, அதன் மேல் சாலைப் புழுதி கெட்டியாக அப்பியிருந்தது. துடைத்துவிட்டுக் குழாயை வளைத்தார். அதுவரை கண்ணுக்கே தெரியாமல் மூடிக்கிடந்த கீறல் மீன்வாய் போலத் திறந்தது. சுமை ஏறும்போது காற்று அதைத் திறக்கிறது; அளந்து வைத்திருந்த காற்று வெளியேறிவிடுவதால் டீசல் முழுமையாக எரியாமல் கரும்புகை வருகிறது. டர்போவுக்குக் கேட்ட தொகையில் இருபதில் ஒரு பங்குக்குள் குழாயும் இரண்டு கிளாம்பும் முடிந்தன. அந்த டர்போதான் இன்றும் ஓடுகிறது.

எனவே உங்கள் காரிலும் முதலில் இந்தக் குழாய்களைத் தடவிப் பாருங்கள். அவை நன்றாக இருந்தால், எஞ்சின் அணைந்து ஆறிய நிலையில் டர்போவின் காற்று வாயில் உள்ள குழாயைக் கழற்றி, தண்டின் முனையை இரு விரலால் பிடித்து அசைத்துப் பாருங்கள். தண்டு ஆயில் படலத்தின் மேல் மிதந்து சுழல்வதற்காகச் செய்யப்பட்டது என்பதால், பக்கவாட்டில் சிறு அசைவு இயல்பு. இதைக் காட்டி டர்போவை மாற்றச் சொல்பவர்களை நம்ப வேண்டாம். முன்னும் பின்னும் அசைவு விரலுக்குத் தட்டுப்பட்டாலோ, இறக்கைகளின் ஓரம் உறையில் உரசிய தடம் தெரிந்தாலோ, அப்போது உங்கள் மெக்கானிக் சொன்னது சரி.

காலைச் சடசடப்பு பெரும்பாலும் விசிலோடு தொடர்பில்லாத தனி விஷயம். வால்வுகளை நேரம் தவறாமல் இயக்கும் டைமிங் செயின் உள்ள எஞ்சினில், செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தால் இயங்குவதால், இரவெல்லாம் ஆயில் வடிந்த நிலையில் இரண்டு மூன்று நொடி சடசடக்கலாம். ஆயிலின் அளவையும், சரியான தரத்து ஆயில்தானா என்பதையும் பாருங்கள். அதற்கு மேல் நீடித்தால் செயினைத் திறந்து பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். சடசடப்பாக இல்லாமல் ‘சுக் சுக்’ என்று கேட்டு, எஞ்சின் சூடானதும் மறைந்தால், எஞ்சினின் புகைவாயுவைத் திரட்டி வெளியேற்றும் மேனிஃபோல்டின் கேஸ்கட் (இணைப்பை அடைக்கும் தகடு) அருகே கரித்தடம் இருக்கிறதா என்று தேடுங்கள். கிளட்சை மிதித்தால் சத்தம் மறைகிறதா என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மறைந்தால் குற்றவாளி எஞ்சினே அல்ல, கியர்பாக்ஸ் பக்கம் போகலாம்.

இன்னொரு வழக்கமும் உங்களுக்குப் பயன்படும். கோட்டைவாசல் கருப்பசாமி கோயிலில் எங்கள் ஊர் ஓட்டுநர்கள் கும்பிட நிற்கும்போது எஞ்சினை அணைப்பதில்லை. காரணம் பக்தியோ அவசரமோ, ஏறி வந்த சூட்டில் டர்போவுக்கு ஆயில் ஓட்டம் ஒரு நிமிடமாவது தொடர்வது அதன் ஆயுளுக்கு நல்லது.

மேலே சொன்னவற்றுக்கெல்லாம் பொறுமையாகக் காரணம் தேடலாம். அடியிலிருந்து ‘டொக் டொக்’ என்று கனமாகக் கேட்டு ஆயில் விளக்கும் எரிந்தாலோ, இரும்பில் இரும்பு உரசும் சத்தம் டர்போ பக்கம் வந்தாலோ, அங்கேயே அணைத்து இழுவை வண்டியை அழையுங்கள். நீல வெண்புகை அடர்ந்து, சாவியைத் திருப்பி அணைத்த பிறகும் டீசல் எஞ்சின் தானாகவே சீறி ஓடினால், அது டர்போ வழியாகத் தன் ஆயிலையே குடித்து ஓடுகிறது என்று பொருள். பிரேக்கை முழுதாக அழுத்தி, ஐந்தாவது கியரில் போட்டு, கிளட்சைச் சட்டென விட்டு எஞ்சினை அடக்குங்கள். பானெட்டைத் திறப்பது புகை அடங்கிய பிறகு இருக்கட்டும்.